ஒயர் இல்லாத கேமரா

தொண்ணூற்றெட்டில் என் கொழுந்தன் மாதப்பன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கேமரா கொண்டுவந்தான். ஒயர் இல்லாமலே படம் அனுப்புமாம். மைசூரில் எங்கள் தெருவில் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. என் கணவர் கிருஷ்ணராஜ் அதைக் கொல்லைப்பக்கம் மாட்டி, கரண்டுக்கு மட்டும் சமையலறைப் பிளக்கில் செருகினார். படத்தை வாங்கும் பெட்டியை, வீட்டின் முன்பக்கம் இருந்த தன் பெயிண்ட் கடையில் ஒரு சின்ன டி.வி.யோடு இணைத்தார். பின்சுவர் ஏறித் திருடன் வந்தால் தெரிய வேண்டுமே என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தம்மாவிடம் சொன்னேன்.

“ஹௌதா? நெசமாவா? இனி தலை சீவிப் பவுடர் போட்டுட்டுத்தான் உன்கிட்டப் பேச வரணும்” என்று சிரித்தாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர். தண்ணீர் வரும் நாளில் மட்டும் டி.வி.யில் படம் போய், வெறும் புள்ளிகள் இரைந்தன. அவர் அடாப்டரை மாற்றினார், ஆன்டெனாவைத் திருகினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“ஏன் சரசு, தண்ணி வர்ற அன்னிக்கு மட்டும் எப்படி நிக்குது? சமையக்கட்டுல பிளக்கப் புடுங்கறியா?”

“நான் எதுக்குங்க புடுங்கறேன்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்.”

அதன் பின் பாத்திரம் தேய்க்கும்போதுகூட எழுந்து போய் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். செய்யாததைச் செய்துவிட்டவள் போல இருந்தது. அவர் சாப்பிட வந்தால் முதலில் பிளக்கைக் காட்டிவிட்டுத்தான் இலை போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருந்தது. அன்றும் தண்ணீர் வந்தது, படம் போனது. என்னைக் கடையில் டி.வி. முன் நிறுத்திவிட்டு, அவர் கொல்லையில் ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவை ஆட்டினார்.

“வருதா?”

“இல்லீங்க.”

பெட்டி இருந்த ஜன்னலை ஒட்டி, நடையில் நான் அன்று நிரப்பி வைத்த பிளாஸ்டிக் டிரம்கள் நின்றன. ஏதோ தோன்றியது. பெட்டியைத் தூக்கிப் பெயிண்ட் டப்பாக்களுக்கு மேலே, டிரம்களைவிட உயரத்தில் வைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. மறுபடி கீழே வைத்தேன், போனது. டிரம்களில் நிறைந்த தண்ணீர்தான் மறைத்திருக்கிறது. நான் இல்லை.

கத்திச் சொல்ல வாயைத் திறந்தபடி பெட்டியை மேலே வைத்தேன். அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். அதில் பின்சுவரே இல்லை. சமையலறைக் கதவு, துவைக்கும் கல், சித்தம்மாவோடு நான் நின்று பேசும் வேலிச் சந்து. அவ்வளவுதான்.

“என்ன புள்ள, வருதா?”

“வருதுங்க. தண்ணி டிரம்மு மறைச்சிருக்குது. பொட்டிய மேல வச்சுட்டேன்.”

என்மேல் பட்ட சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

“அட! இத முன்னாடியே சொல்லியிருந்தா எனக்கு இத்தன அலைச்சல் இல்லியே.”

“செவுரு தெரியலையேங்க.”

“செவுத்துல என்னத்தப் பாக்கறது? அந்த வேலிச் சந்து முழுசாத் தெரியுதான்னு பாரு.”

அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கொஞ்சம் தடுமாறியிருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருப்பேன். குழம்புக்கு உப்புக் கேட்கும் அதே குரலில் கேட்டார்.

சந்து பாதிதான் தெரிந்தது. தெரியாத பாதிக்கு நாளை முதல் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

“இன்னுங் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க” என்றேன்.