நாலு மணி வண்டி

கணப்பு கணகணவென்று எரிந்தும் சட்டசபை மண்டபத்தில் நில்ஸ் ஹெட்ஸ்ட்ரமுக்கு உள்ளங்கை சில்லிட்டுக் கிடந்தது. சோளம் போடுகிறவன் அவன். ரயிலுக்குச் சரக்குக் கூலி கொடுத்து அனுப்பினால் கட்டாது என்று, விளைந்த சோளத்தையே போன குளிர்காலத்தில் அடுப்பில் போட்டு எரித்த ஊர் அவனுடையது. அந்தச் சரக்குக் கூலியைக் குறைக்கும் சட்டத்துக்குக் கை தூக்கத்தான் அவர்கள் அவனை நெப்ராஸ்கா சட்டசபைக்கு அனுப்பினார்கள். இன்று நாலு மணிக்கு ஓட்டெடுப்பு.

மூன்றரைக்கு ஸ்லோகம் வந்தார். ரயில் கம்பெனிக்காக உறுப்பினர்களைச் சுற்றிச் சுற்றி வருகிறவர். கையில் தந்தி.

"மனசத் தேத்திக்குங்க, ஹெட்ஸ்ட்ரம். ஸ்டேஷன்ல வாங்கிட்டு நானே ஓடியாந்தேன்."

'கெர்டாவுக்குக் கடும் காய்ச்சல். உடனே வா.' கெர்டா அவன் மனைவி. கீழே ஊர் டாக்டர் பெயர்.

"நாலு மணிக்கு வண்டி. விட்டா நாளைக்குத்தான். இந்தாங்க, உங்க பாஸ்."

உறுப்பினர்களுக்கெல்லாம் கம்பெனி சும்மா கொடுக்கும் பாஸ். நில்ஸ் முதல் நாளே திருப்பிக் கொடுத்தது. அவன் பெயர் எழுதிய அதே அட்டையை இத்தனை நாள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

நில்ஸ் கை நீட்டாததால் ஸ்லோகம் பாஸைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்ததும் பக்கத்து நாற்காலி ஆர்வில் காதைக் கடித்தான். "நம்பாதடா. ஒத்த ஓட்டுல தொங்குது. நம்ம மெம்பர் பீட்டர்சனுக்கு ஆத்தா செத்துட்டதா தந்தி வந்துச்சு பாரு, போய்ப் பாத்தா கெழவி கோழிக்குத் தீனி போட்டுட்டு நிக்குதாம்."

"ஊருக்குத் தந்தி அடிச்சுக் கேக்கட்டா?"

"கம்பி யாருது?"

"கம்பெனியோடது."

"அடிக்கிறவன்?"

"அவனும்தான்."

"அப்ப கேட்டு என்னத்தக் கிழிக்கப் போற?"

"நெசமாவே காய்ச்சலா இருந்தா, ஆர்வில்?"



கிளம்பும் அன்று கெர்டா இருமினாள். வைக்கோல் தூசி என்றாள். போன வாரம் ஓட்டல் சாப்பாட்டு மேசையில் ஸ்லோகம் வீட்டு நலம் விசாரித்தபோது, பரிவாகக் கேட்கிறாரே என்று நில்ஸ் அந்த இருமலையும் சொல்லித் தொலைத்திருந்தான். அதை வைத்தே அவர் தந்தியை ஜோடித்திருக்கலாம். இப்போது அது பொய்யா மெய்யா என்று பிரிக்க அவனிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நாலு அடித்தது. பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள். அவன் பெயர் வருவதற்குள் தூரத்தில் வண்டி ஊதியது.

"ஹெட்ஸ்ட்ரம்!"

எழுந்தான்.

"ஆதரிக்கிறேன்."

ஒரு ஓட்டில் சட்டம் நிறைவேறியது. யாரோ முதுகில் தட்டினார்கள். அவன் தொப்பியைக்கூட எடுக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினான். தண்டவாளம் வெறிச்சென்றிருந்தது. ஊருக்கு நூற்றைம்பது மைல், அத்தனையும் பனி. தந்தி அடிக்கிறவன் சன்னலைப் பாதி திறந்து, "கம்பி அறுந்து கெடக்கு, சார்" என்று மூடிக்கொண்டான்.

பெஞ்சில் ஸ்லோகம் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமில்லை.

"அந்தத் தந்தி நெசமா?" என்றான் நில்ஸ்.

"நெசம்னு சொன்னா நம்புவீங்களா?"

நில்ஸ் தந்தியை எடுத்து டாக்டர் பெயரை மறுபடி பார்த்தான்.

"பொய்னு சொன்னா?"

ஸ்லோகம் பாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நில்ஸ் அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். அடுத்த வண்டி நாளை நாலு மணிக்கு.