நாலு கிளாஸ் சியா சர்பத்

என் வீட்டுக்காரர் தாவூத் பொய் சொன்னால் மூக்கு நுனி சிவந்துவிடும். முப்பத்தொரு வருடமாக அந்த மூக்கை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறேன்.

மலத்தோடு ரத்தம் போவதை இரண்டு மாதம் மறைத்து வைத்திருந்தார் மனுஷர். துவைக்கிற துணியில் நானே கண்டுபிடித்து, சண்டை போட்டு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மூன்று நாளைக்கு விதை உள்ள எதையும் தொடக் கூடாது, விதை இருந்தால் கேமராவில் ஒன்றும் தெரியாது என்று நர்ஸ் விளக்கினார். இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தப் பணிவைப் பார்த்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சோதனை நாளன்று டாக்டரம்மா பாதியில் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். திரையில் குடலையே காணோம். வழவழவென்று ஜெல்லி, அதற்குள் கறுப்பும் சாம்பலுமாக நூற்றுக்கணக்கில் விதைகள்.

"இது சர்பத்துல ஊறவெச்சுப் போடற சியா விதையாக்கும். பேதி மருந்து குடிச்சும் போகலை, கேமராக் குழாயே அடைச்சிருச்சு. நாளை மறுநாள் திரும்பச் செய்யணும்" என்றார்.

அவருக்கு மயக்கம் தெளிந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, என்னத்தத் தின்னீங்க?"

"சும்மா ருசி பார்த்தேன் ஐசு. சர்பத் கடை வெச்சிருக்கறவன் ருசி பார்க்காம விக்க முடியுமா? நோன்பு நாள்ல சமைக்கறவங்க நாக்குல வெச்சுப் பார்க்கறதில்லையா?"

"அவங்க துப்பிருவாங்கங்க."

மூக்கு தக்காளியாகியிருந்தது. கடையில் இருந்த மகன் இர்பானுக்குப் போன் போட்டேன்.

"நேத்து மத்தியானம் நாலு கிளாஸ்மா," என்றான். "சியாவை அள்ளி அள்ளிப் போடச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன். டாக்டரம்மாதான் குடிக்கச் சொன்னாங்கன்னாரு."

வேண்டுமென்றே செய்த வேலை! கத்த வாயைத் திறந்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்கண்ணனும் இந்தக் கேமராவுக்குத்தான் படுத்தான். புத்துநோய்னாங்க. ஆறு மாசத்துல அடக்கம் பண்ணினோம். பார்க்காத வரைக்கும் அவன் நல்லாத்தான இருந்தான்?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. துணியைப் பார்த்த நாளிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. அவருடைய பயம் எனக்கும் இருந்தது. எனக்கு ஓடி ஒளிய இடம்தான் இல்லை.

"நீங்க பார்க்க வேண்டாம். நான் பார்த்துக்கறேன்," என்றேன்.

அடுத்த இரண்டு நாள் அவரை ஆஸ்பத்திரியை விட்டு அசையவிடவில்லை. தலையணை உறையைக் கழற்றிப் பார்த்தேன். இர்பான் கொண்டுவந்த தூக்குப் பாத்திரத்தை மூடியைத் திறக்காமலே திருப்பி அனுப்பினேன். கக்கூஸ் வாசலிலும் நின்றேன். வார்டில் எனக்குப் போலீஸ்காரம்மா என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் தடவை திரை பளிச்சென்று இருந்தது. "உள்மூலம்தான். வேற ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா. இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

பிறகு புத்தி குறும்பாக வேலை செய்தது. என்னை இந்தப் பாடு படுத்தியவரை அரை மணி நேரமாவது தவிக்கவிட வேண்டும் என்று தீர்மானித்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

கண் திறந்தார். என் முகத்தையே பார்த்தார். என் கையைத் தேடிப் பிடித்தார்.

"அழுவாத ஐசு. உன்னைக் கண்கலங்காமப் பார்த்துக்கணும்னு இர்பான்கிட்ட முந்தியே சொல்லி வெச்சிருக்கேன். எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

அரை மணி நேரம் எங்கே, அரை நிமிடம்கூட என்னால் முடியவில்லை.

"மூலங்க! வெறும் மூலங்க!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். பன்னிரண்டு கட்டிலிலும் தலைகள் நிமிர்ந்தன.

அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அழுகிறார் என்று தெரிந்தது. அழுதுகொண்டே சொன்னார்: "மெதுவாச் சொல்லு புள்ளே, மானம் போகுது."