வெள்ளச்சி நக்கித் தின்ற கரி

மீன் தலையை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது வெள்ளச்சி.

"ஏனுங்க, மீன் தலையவே வேண்டாங்குது பூனை!" தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள் கமலவேணி.

"கொழுப்பு. ரெண்டு நாள் பட்டினி போடு." ராசப்பன் தறியை நிறுத்தவில்லை. பூனையின் வாயோரம் ரத்த எச்சில் ஒழுகுவதைக் கண்ட பிறகுதான் நிறுத்தினான்.

வெண்ணந்தூரிலிருந்து கூடையில் வைத்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். கால்நடை டாக்டரம்மா நாக்கைத் தூக்கிப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். மறுவாரம் சொன்னார்: "நாக்குக்கு அடியில புற்றுநோய்ங்க. முத்திருச்சு. வலிக்கு மருந்து தர்றேன், அவ்வளவுதான் முடியும்."

"பூனைக்கா? அது வெத்தல, பொகையில ஒண்ணும் போடாதுங்களே!" என்றாள் கமலவேணி.

"ஊட்ல யாராச்சும் பீடி, சிகரெட்?"

"பழனிக்கு மாலை போட்டதோட இவரு உட்டுட்டாருங்க. பொகைன்னா வெந்நீர் அடுப்பு மட்டுந்தான்."

"அதுல என்ன எரிப்பீங்க?"

"தறியில உழுகுற வேஸ்ட் நூலு, பிளாஸ்டிக் கவரு. குப்பையும் ஒழியும், தண்ணியும் காயும்." பெருமையாகத்தான் சொன்னாள்.

"பூனை எங்க படுக்கும்?"

"அடுப்புச் சாம்பல்லதான்," என்றான் ராசப்பன். "கருப்பா எந்திரிக்கும். மத்தியானத்துக்குள்ள நக்கி நக்கி வெள்ளையாயிரும். நம்மளவிடச் சுத்தமுங்க அது!"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் கரியெல்லாம் எங்க போச்சுங்க?"

கமலவேணி பூனையின் வெள்ளை முடியைத் தடவிப் பார்த்தாள். "அப்ப அதுதானுங்களா காரணம்?"

"உறுதியாச் சொல்ல முடியாதுங்க. பொகையா இருக்கலாம், பூச்சி மருந்தா இருக்கலாம், வயசா இருக்கலாம். பல பூனைக்குக் காரணமே தெரியறதில்ல."

திரும்பும் பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு குழம்பினாள். அடுப்பா? கொசுவர்த்தியா? உண்ணிக்குத் தூவிய பவுடரா? 'என்னா வெள்ளை!' என்று கண் வைத்தாளே பக்கத்து வீட்டுச் சின்னாயி, அதுவா? பாலைக் கவிழ்த்ததற்கு விளக்குமாற்றால் போட்டோமே, அதுவா?

"டாக்டருக்கே தெரியல, நீ ஏம்புள்ள மண்டைய ஒடைக்கிற? அடுப்புதான்னா நமக்குத்தான மொதல்ல வந்திருக்கோணும்?" என்றான் ராசப்பன்.

"நாம நக்கறதில்லையேங்க."

மறுநாள் காலை. குளிருக்கு அடுப்பு முன்னால் குந்தியிருந்தாள் ஆறு வயது மகள் கனிஷ்கா. நூல் கழிவை ஒரு கை அள்ளி நெருப்பில் போட்டாள். டீயில் வர்க்கியை நனைத்துத் தின்றாள். பிறகு கரி படிந்த விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பினாள்.

கமலவேணி ஓடிவந்து பிள்ளையை இழுத்தாள். அண்டாத் தண்ணீரை மொண்டு மொண்டு அடுப்பில் ஊற்றினாள்.

"கிறுக்குப் புடிச்சிருச்சா? காரணமே தெரியாததுக்கு அடுப்ப எதுக்கு அணைக்கிற?" என்று கத்தினான் ராசப்பன்.

அவள் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்தாள். ஈரத்துண்டை அவன் கையில் கொடுத்து வெள்ளச்சியைக் காட்டினாள். ராசப்பன் முணுமுணுத்தபடியே துடைத்தான். கரி அப்பிய துண்டைத் திருப்பிப் பார்த்தவன், "இத்தனையா!" என்றான்.

"தெரியாததுனாலதானுங்க அணைச்சேன். தெரிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா, அது யாரு நாக்குல வந்து தெரியுமோ! எரிச்சா குப்பை ஒழிஞ்சதுன்னு இத்தனை நாளா நெனச்சோம். அது எங்கயும் போகலீங்க. நம்ம ஊட்டுக்குள்ளயேதான் இருக்குது."