சுவிட்ச் சொன்னால் சொன்னதுதான்

ஹில்லா முடியாது என்றால் முடியாதுதான். ஓலு நகரத்து அந்த மடிக்கணினிக் கம்பெனியில் எல்லாருக்கும் இது தெரியும். மேலாளர் ரைமோவுக்கு மட்டும் மண்டையில் ஏறவில்லை.

விஷயம் இவ்வளவுதான். அவர்கள் செய்த கணினியின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச். தள்ளினால் வைஃபை அணைய வேண்டும். ஆனால் அந்த சுவிட்ச் தானாக எதையும் அணைக்காது. அணைக்கச் சொல்கிறார்கள் என்று உள்ளே இருக்கும் டிரைவர் மென்பொருளுக்குத் தகவல் சொல்லும். அதைக் கேட்டு அணைப்பது ஹில்லா எழுதிய டிரைவர். பையில் இடித்து சுவிட்ச் நகர்ந்தது தெரியாமல், நெட் வரவில்லை என்று ஜனங்கள் போன் போட்டு உயிரை எடுத்தார்கள். ரைமோ ஒரு வழி கண்டுபிடித்தார்: இனிமேல் டிரைவர் சுவிட்சைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

"கையால தள்ளினவன் அணைஞ்சிருச்சுன்னு நம்புவான். அவன்கிட்ட பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள் ஹில்லா.

"ஸ்கிரீன்ல ஒரு பட்டன் இருக்குல்ல, அது போதும்."

"அப்ப சுவிட்சைப் பிடுங்கி எறிஞ்சிருங்க. வச்சுக்கிட்டு ஏமாத்தாதீங்க."

"சுவிட்ச் வச்ச டப்பாவெல்லாம் செஞ்சாச்சும்மா. நீ பேரை மட்டும் போடு."

அங்கே அதுதான் வழக்கம். டிரைவரைப் பார்த்துக்கொள்பவர் தன் பெயரைப் போட்டால்தான் எந்த மாற்றமும் வெளியே போகும். ரைமோ வேறு ஆளை வைத்து மாற்றத்தை எழுதி வாங்கி, தன் கணினியிலும் போட்டுக்கொண்டு, எவ்வளவு ஜோராக ஓடுகிறது பார் என்று எல்லாரிடமும் காட்டித் திரிந்தார். ஹில்லாவின் பெயர்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் டிரைவர் வேறு கைக்குப் போகும் என்று மிரட்டியும் பார்த்தார். ஹில்லா முதல் வரியிலிருந்து பிள்ளை மாதிரி வளர்த்த டிரைவர். ஆனாலும் பெயரைப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை வீடியோவில் பேச்சு. ரைமோ ஏரிக்கரைக் குடிலிலிருந்து சேர்ந்துகொண்டார். ஹில்லா ஆபீசில். மூன்றாவது ஆள் ஸைமி, நகராட்சிக்குக் கணினி வாங்கும் அம்மா.

"ஆஸ்பத்திரிக்கும் இது போகுது. சுவிட்சைத் தள்ளினா நிஜமாவே அணையுமா?" என்று ஸைமி கேட்டார்.

ரைமோவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சங்கடமான கேள்வி வந்தால் கை தானாக ஓரத்து சுவிட்சுக்குப் போகும். அப்புறம் வந்து, சிக்னல் போய்விட்டது என்பார். ஆபீசே இதைச் சொல்லிச் சிரிக்கும். இன்றைக்கும் அப்படித்தான்.

"ஹலோ... கேக்கலையே... ஏரிக்கரைல..." என்று இழுத்தபடி தள்ளிவிட்டார். நிம்மதியாகச் சாய்ந்து, சானா என்ற நீராவிக் குளியலறையிலிருந்து துண்டோடு வந்த தௌனோவிடம் திரும்பினார். தௌனோ அவர் மனைவியின் தம்பி.

"விட்டுச்சு சனியன். அந்த ஹில்லாப் பொண்ணு சொல்றது சரிதான் மாப்ள, அணையாது. அதைச் சொன்னா ஆர்டர் போச்சு. சாயங்காலமே ஹில்லாவைத் தூக்கிட்டு, தலையாட்டுற ஒருத்தனைப் போட்டுடறேன்."

தௌனோ குனிந்து பார்த்தான். "அது சரி மாமா, ஸ்கிரீன்ல ஒரு அம்மா உங்களையே முறைச்சுக்கிட்டு இருக்காங்களே?"

ரைமோவின் முகம் செத்துப்போயிற்று. சுவிட்சை இப்படித் தள்ளினார், அப்படித் தள்ளினார். பதற்றத்தில் ஸ்கிரீன் பட்டன் கண்ணிலேயே படவில்லை.

"தள்ளிப் பிரயோஜனம் இல்ல ரைமோ. நீங்க கேட்ட மாதிரியேதான் வேலை செய்யுது. இதுக்கு என் பேரு இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. தூக்கறதுன்னா தூக்கிக்கங்க," என்றாள் ஹில்லா.

ஸைமி ரைமோவைப் பார்க்கக்கூட இல்லை. "ஹில்லா, உங்க மெஷின்ல எந்த டிரைவர்?"

"என்னோடது."

"அது அணையுமா?"

ஹில்லா தன் கணினியின் சுவிட்சைத் தள்ளினாள். இரண்டு முகமும் உறைந்து மறைந்தன. ஆறிப்போன காபியை நிதானமாகக் குடித்து முடித்தாள். காத்திருக்கட்டும். பிறகு திரும்பத் தள்ளினாள்.

"எங்களுக்கு இதான் வேணும். எழுதினவங்க பேரோட," என்றார் ஸைமி.

பக்கத்துக் கட்டத்தில் ரைமோ இன்னும் சுவிட்சைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தார்.