மேல்தொட்டிப் பவளம்

பட்டாபிராம் ரயில் நிலையத்துக்கு வடக்கே உள்ள நான்கு மாடி அடுக்ககத்தின் மேல்தொட்டியில் பவளம் வளரத் தொடங்கியது, தக்காளி கிலோ நூறு ரூபாய்க்கு விற்ற ஆண்டில். அது லாரித் தண்ணீரில் வந்ததா, போர்வெல்லில் வந்ததா என்பது உறுதியாகத் தெரியவில்லை. இரண்டு கட்சிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அரிசி அளவுப் புள்ளிகளாக இருந்தவை மான்கொம்புபோலக் கிளைத்து, பழுப்பும் ஊதாவுமாகத் தொட்டியை நிறைத்தன. தண்ணீரிலிருந்த சுண்ணாம்பையெல்லாம் அவை உடம்பு கட்ட எடுத்துக்கொண்டதால், குழாய்களில் வெள்ளைப் பொருக்கு படிவது நின்றது. முக்கியமாக, குடியிருப்பவர்களுக்கு முடி கொட்டுவது நின்றது. கோயம்புத்தூரிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவரும் குடியிருப்போர் சங்கச் செயலாளருமான ஜெகதீஷுக்கு முன்நெற்றியில் புதிதாகவே முளைத்தது. அதன் பிறகு தொட்டியைக் கழுவுவது பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சு எழவில்லை.

தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் காவலாளி கன்னியப்பன். மனைவி வேம்புலியம்மாளுடன் மோட்டாரை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருந்தார். அடுத்த கோடையில் மொட்டைமாடித் தரை செருப்பை மீறிச் சுட்டது. ஒரே வாரத்தில் மான்கொம்புகள் எல்லாம் வெளுத்து, கிளை கிளையாக உடைந்து விழுந்தன. மூலையில் யாரும் மதிக்காத உருண்டை ரகம் மட்டும் கொஞ்சம் நிறம் மாறாமல் நின்றது. குழாய்களில் பொருக்கும் சீப்புகளில் முடியும் திரும்பி வந்தன. எது வெளுத்தாலும் ப்ளீச்சிங் பவுடரைச் சந்தேகிப்பது அடுக்ககங்களின் வழக்கம்.

"ஏனுங்க கன்னியப்பன், பவுடரை அளவில்லாம கொட்டிப்போட்டீங்களா?" என்றார் ஜெகதீஷ்.

"நா ஒன்னியும் கொட்டல சார். டப்பா சீல் ஒடைக்காம கீது, வந்து பாரு."

ஜெகதீஷ் டப்பாவைப் பார்க்கவில்லை, தலையைத் தடவிக்கொண்டார். ஆடி முடிந்ததும் வேறு ஆள், கன்னியப்பன் அறையைக் காலி செய்யவேண்டும் என்று கூட்டத்தில் முடிவானது.

ஆடிப்பூரத்தன்று வேம்புலியம்மாள் திருவேற்காட்டுக்குப் போய், அம்மனுக்குச் சாத்தி எடுத்த கண்ணாடி வளையல்களை ஒரு பை நிறைய வாங்கிவந்தார். யாருக்குப் பிள்ளை வேண்டும் என்று அங்கே கேட்டதற்கு, தொட்டிக்கு என்றாராம்.

"இன்னாமே, தொட்டிக்கு வளகாப்பா?" என்றார் ஏணியைப் பிடித்திருந்த கன்னியப்பன்.

"நீ கம்முனு ஏணியப் புடி. உசுரோட மூலைல கீதுங்களே, அதுங்களுக்கு. புள்ள பொறந்தாத்தான் நமக்கு ஊடு."

வளையல்கள் கலகலவென்று உள்ளே விழுந்த சத்தம் எல்லாக் குழாய்களிலும் கேட்டது. அடுத்த பௌர்ணமி கழிந்ததும் பவளங்கள் முட்டையிட்டு, தண்ணீர் ரோஜா நிறத்தில் வந்தது. மூன்றாம் மாடி ஸ்வாதியின் வெள்ளைச் சுடிதார்கள் இளஞ்சிவப்பாயின. அவர் அவற்றையே உடுத்தி அலுவலகம் போனார்.

ஆடியின் கடைசி நாள், சாவியை வாங்க வந்த ஜெகதீஷை வேம்புலியம்மாள் ஏணியில் ஏற்றிவிட்டார். பாசி படர்ந்த சுவர்களில் ஒன்றுமில்லை. வளையல் ஒவ்வொன்றிலும் கடுகளவில் குட்டிப் பவளங்கள் ஒட்டியிருந்தன.

"டப்பாவப் பாக்குறியா சார்?" என்றார் கன்னியப்பன் கீழிருந்து.

"வேண்டாமுங்க. நீங்களே இருங்க," என்றார் ஜெகதீஷ். சாவியைக் கேட்கவில்லை.

இப்போது அங்கிருப்பது பழைய காடு அல்ல. மூளைபோல மடிப்பு விழுந்த பச்சை உருண்டைகள்தான் பெரும்பாலும். மான்கொம்பு, மூடியின் நிழலில் ஒன்றிரண்டு. மெதுவாக வளர்கின்றன, வெயிலில் லேசாக வெளிறித் தேறிக்கொள்கின்றன. ஜெகதீஷின் முடியும் அப்படித்தான். பௌர்ணமி கழிந்த நாட்களில் வெள்ளைத் துணி துவைக்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கிறது. போன மாதம் முதல் குழாயில் சிறு நீல மீன்களும் வருகின்றன. தலையில் ஷாம்பு நுரையும் இடுப்பில் துண்டும் கையில் மீன் நீந்தும் மக்குமாக ஜெகதீஷ் லிஃப்டுக்குள் நுழைந்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மொட்டைமாடிப் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள்.