ராகு காலத்துக்கு முன்னால் திறந்த புரோகிராம்

தொண்ணூறுகளில், மலேசியாவின் மந்தின் ஊருக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் புதிதாக வந்திறங்கிய ரப்பர் தோட்ட ஆபீசில், சம்பளக் கணக்குக்குப் புரோகிராம் எழுத எடுக்கப்பட்டவள் வள்ளிநாயகி. வேலை தற்காலிகம்தான். மாதக் கடைசிக்குள் தகராறில்லாமல் முடித்துக் கொடுத்தால் நிரந்தரம்; இல்லையென்றால் முன்பு வேலை பார்த்த செனாவாங் ஃபேக்டரிக்கே திரும்பிப் போய் ஷிப்ட் பார்க்க வேண்டியதுதான்.

தகராறுக்குத்தான் குறைவில்லையே! எழுதியதையெல்லாம் சேர்த்துப் புரோகிராமாக்குவதற்குக் கம்பைல் பண்ணுவது என்று பெயர். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான எஃப் டிரைவில் அதைச் செய்தால், ஒரு சமயம் சமர்த்தாக முடியும். இன்னொரு சமயம் ‘எழுத முடியவில்லை’ என்று முரண்டு பிடிக்கும். வள்ளிநாயகி வயரை மாற்றிப் பார்த்தாள். சிரம்பானிலிருந்து வந்த ஆள் ஏதோ ஒரு கார்டைக் கழற்றி ஊதிவிட்டு, "இப்ப ஓகே லா" என்று கிளம்பினான். அவன் மோட்டார் சைக்கிள் ஆபீஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் மறுபடியும் அதே பிழை.

"நான்தான் சொன்னேனே, ராகு காலத்துல கம்பைல் பண்ணாதம்மான்னு," என்றார் மேனேஜர் நாச்சியப்பன். அவள் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரேதான்.

வள்ளிநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்ப்யூட்டருக்கு ராகுவாவது, கேதுவாவது! ஆனால் கவனித்துப் பார்த்தால் திங்கள் காலை, செவ்வாய் பிற்பகல் என்று சொல்லிவைத்தாற்போல ராகு காலத்தில்தான் அந்தப் பிழை வந்தது. அவளுக்குத் தலையே சுற்றியது.

வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் அவர் அறைக்குள் போனபோதுதான் விஷயம் விளங்கியது. அவர் கம்ப்யூட்டரில் எஃப் டிரைவிலிருந்த அதே சம்பளப் புரோகிராம் திறந்து கிடந்தது. அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், திறந்தே கிடக்கு?"

"கணக்கு செக் பண்ணணும்ல? ராகு காலத்துல எதையும் தொடங்கக் கூடாது. அதான் அதுக்கு முன்னாலயே திறந்து வச்சிருவேன், முடிஞ்சதும் பாத்துட்டு மூடிருவேன். முன்னாலயே தொடங்கின வேலைக்குத் தோஷம் இல்ல பாரு!"

ஒருவர் திறந்து வைத்திருக்கும் புரோகிராமின் மேல் புதியதை எழுத முடியாது. ராகு நாற்காலியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது! சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கையெழுத்து ஞாபகமும் கூடவே வந்தது. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"நீங்க சொன்னதுதான் சார் சரி. எல்லாம் ராகு காலம்தான்."

நாச்சியப்பனுக்கு வாயெல்லாம் பல். ராகு காலம் முடியும்வரை காத்திருந்து கையெழுத்தைப் போட்டார். கையோடு ஆபீஸ் முழுவதையும் கூப்பிட்டு ஓர் உத்தரவும் போட்டார்.

"இனிமே எல்லாரும் காலையிலயே நல்ல நேரம் பாத்து புரோகிராமைத் திறந்து வச்சிரணும். வீட்டுக்குப் போற வரைக்கும் யாரும் மூடக் கூடாது!"

அன்றிலிருந்து வள்ளிநாயகிக்கு வேலையும் நிரந்தரம், பிழையும் நிரந்தரம்.