இரண்டாவது கார்டு

சித்திரை பிறக்கும்வரைதான் எனக்கு அவகாசம். அதற்குள் தொண்டியில் காலூன்றிக் காட்டாவிட்டால், என் அண்ணன் காளிராஜ் குட்டியானை வண்டியோடு வந்து என்னையும் என் சாமான்களையும் அள்ளிப்போட்டுக் கமுதிக்கே கொண்டுபோய்விடுவான். இதை மிரட்டல் என்று சொல்ல முடியாது. நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒப்பந்தம். “சித்திரைக்குள்ள சொந்தக் கால்ல நிக்கலேன்னா நீ சொல்றபடி கேக்குறேண்ணே” என்று கார்த்திகை மாதத்தில் வீறாப்பாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அப்போது எங்களைப் பெற்ற அய்யா மிளகாய்க் கொல்லைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

கமுதி ஸ்டுடியோ ஒன்றில் வருஷக்கணக்காக நான் பார்த்த வேலை, அடுத்தவர்கள் எடுத்த கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஆல்பமாக்குவது. மாப்பிள்ளையின் பருவை அழிக்க வேண்டும், சம்பந்தியம்மாவை ஓரத்தில் நறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மண்டபத்துக்குப் பின்னால் பனிமலையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கேமரா என் கைக்கு வருவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு மட்டும்தான். ஒருமுறை தொண்டியிலிருந்து ஒரு குடும்பம், கல்யாண வீட்டுப் பெண்களைப் படம் எடுக்கப் பெண் போட்டோகிராபர்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டு கமுதிவரை வந்தது. “யுவராணிய அம்புட்டுத் தூரமெல்லாம் அனுப்ப முடியாதுங்க” என்று என்னைக் கேட்காமலே முதலாளி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குக் கோபத்தில் சோறு இறங்கவில்லை. ஆனால் அத்தனை தூரம் தேடி வருகிறார்கள் என்றால் அந்த ஊரில் ஆள் இல்லை என்பது மட்டும் நன்றாக மண்டையில் ஏறிவிட்டது. சொந்தமாக ஒரு கேமரா வாங்கியதும் நான் செய்த முதல் காரியம் தொண்டியில் வீடு தேடியதுதான்.

மெஹருன்னிசா லாத்தா வீட்டு மாடி கிடைத்தது; லாத்தா என்றால் இங்கே அக்கா. அவருடைய வீட்டுக்காரர் அகமது கபீர் குவைத்தில் இருக்கிறார். கீழே லாத்தாவும், அவருடைய குரலும். குரலைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு, அது தெருக்கோடிவரை போகும். நான் வந்து இறங்கிய அன்றே என் கேமராப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “இங்கன கடக்காத்து பிள்ளே, இதெல்லாம் பூத்துப்போயிரும்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. என் தொழிலை எனக்கே சொல்லித்தருகிறாரே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பத்து நாளில் ஒரு லென்ஸின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்துவிட்டது. கமுதி வெயிலில் நான் கண்டறியாத சங்கதி இது. லாத்தா ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். ஈரத்தை உறிஞ்சுவதற்காக ஷூ டப்பாக்களில் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள் போட்டிருப்பார்களே, அவை டின் நிறைய இருந்தன. குவைத்திலிருந்து வரும் ஒவ்வொரு பெட்டியிலும் பொறுக்கிச் சேர்த்தது. எதற்கென்று தெரியாமலே சேர்த்தாராம். “ஒனக்குத்தேன் போல” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

மாடிப்படிக்குக் கீழே தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி ஷோகேஸ் வைத்தேன். உள்ளே நான் எடுத்த கமுதிப் படங்களை மாட்டினேன். தாவணி போட்ட பிள்ளைகள், வளைகாப்புக்கு உட்கார்ந்த பெண்கள், எல்லாமே பளிச்சென்று இருக்கும். லாத்தா கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைககிட்டயெல்லாம் கேட்டியா?”

“என்ன லாத்தா கேக்கணும்?”

“தெருவுல மாட்டப் போறேன், போற வாரவுகல்லாம் பாப்பாகன்னு.”

“இது வெளம்பரம் லாத்தா. எல்லா ஸ்டுடியோவுலயும் மாட்டுறதுதானே!”

“மாட்டு, மாட்டு. ஆனா இதப் பாத்துட்டு இங்கன ஒருத்தியும் படி ஏற மாட்டா. நாளைக்கு நம்ம மூஞ்சியும் இப்பிடித்தேன் தொங்கும்னு நெனைப்பா.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வேண்டுமென்றே ஷோகேஸுக்கு இன்னொரு விளக்கு போட்டேன். மார்கழி முழுக்க அந்த விளக்கு எரிந்தது, படியில் ஒரு செருப்புச் சத்தம்கூடக் கேட்கவில்லை. தையில் படங்களைக் கழற்றினேன். கழற்றும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரிடமும் யாரும் கேட்டதில்லை என்பது வாஸ்தவம்தான். கமுதியில் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

படங்கள் இறங்கிய மறுநாள் லாத்தா தன் தங்கை மகள் ஹாஃபிஸாவின் கல்யாணத்தை என்னிடம் ஒப்படைத்தார். கூடவே நிபந்தனைகளும் வந்தன. எடுத்து முடித்த கையோடு மெமரி கார்டு அவர் கைக்கு வந்துவிட வேண்டும். ஆல்பத்தை அவர்கள் வீட்டில், அவர்கள் கண்முன்னால் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். மதுரை லேபுக்கு எதுவும் போகக் கூடாது, அங்கே ஆம்பிளைகள் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் லேப்டாப்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. என்னிடம் இருந்த சின்ன பிரிண்டரிலேயே அச்சடித்துக் கையால் ஒட்டித் தருகிறேன் என்று தலையாட்டினேன். வேறு வழி?

பெண்கள் பக்கத்தில் தாலியாகக் கருகமணி கட்டி முடித்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஹாஃபிஸா முகம் மூடப் பூவோடும் பட்டோடும் வேர்த்து வழிந்துகொண்டிருந்தாள். சாச்சிமார்கள், அதாவது சின்னம்மாக்கள், அட்டைப்பெட்டி மூடிகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒரு சாச்சி விசிறிய வேகத்தில் அவள் முகத்தை மூடிய பூத்திரை பிய்ந்து பக்கத்திலிருந்தவர் தலையில் போய் விழுந்தது. கல்யாணப் பெண் வாயைத் திறந்து, தெற்றுப்பல் தெரிய, அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தாள். கொல்லைப்புறக் கதவு வழியாக வெளிச்சம் அவள் மேல் மட்டும் விழுந்தது. பின்னால் அவள் உம்மா, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் பட்டனை அழுத்தினேன். என் ஆயுசில் எடுத்த நல்ல படம் அதுதான் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். “கை கழுவிட்டு வா பிள்ளே” என்று ஒரு சாச்சி இழுத்துக்கொண்டு போனார். ஒரே பெரிய சகன் தட்டு, அதைச் சுற்றி உட்கார்ந்து எல்லோருமாக அதிலேயே நெய்ச்சோறு எடுத்துச் சாப்பிடுகிறார்கள். எனக்கும் இடம் விட்டார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி கறித்துண்டைப் பிய்த்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஊரை விட்டு வந்த பிறகு அன்றுதான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

கார்டைக் கழற்றி லாத்தாவிடம் கொடுத்தேன். பிறகு அவர் கொண்டுவந்து தந்த கார்டை லேப்டாப்பில் போட்டு, ஆல்பத்தை அவர்கள் சாப்பாட்டு மேசையில் வைத்துச் செய்தேன். என் முதுகுக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றுகொண்டு, தன் தாடை பெரிதாகத் தெரிகிறது, அவள் தாடை ஏன் சின்னதாகத் தெரிகிறது என்று ஆளுக்கொரு வழக்குத் தொடுத்தார்கள். ஆல்பத்தைக் கொடுத்துவிட்டு, லேப்டாப்பில் இருந்த எல்லாவற்றையும் அவர்கள் பார்க்கவே அழித்தேன். அந்தச் சிரிப்பைக் கடைசியாக அழித்தேன். இனி ஊரெல்லாம் பேசும், வேலை குவியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறை தெரிந்தது, நோன்பு தொடங்கிவிட்டது. நோன்பு மாதம் முழுக்க இங்கே கல்யாணமே நடக்காது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நோன்பு முடிந்து கொஞ்ச நாளில் சித்திரை. அண்ணனுக்கு போன் செய்து சொன்னால் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் குரலை இறக்கி, “சரி, எடுத்ததுல நல்லதா ஒண்ணே ஒண்ணு அனுப்பு தாயி. அய்யாகிட்ட காட்டி, பிள்ளை நல்லாத்தான் பண்ணுது, விட்டுப் பாப்போம்னு நானே சொல்றேன்” என்றான். என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். “கல்யாணத்த எடுத்துட்டு ஒரு படம்கூடவா இல்ல? யாருகிட்ட கத விடுறே?” என்று வைத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் கேமராவைத் துடைப்பதற்காகக் கார்டு மூடியைத் திறந்தேன். என் கேமராவில் கார்டு போட இரண்டு இடம் உண்டு. ஒன்று கெட்டுப்போனால் இன்னொன்று காப்பாற்றட்டும் என்று, எடுக்கும் படம் இரண்டிலும் பதிகிற மாதிரி வாங்கிய அன்றே வைத்திருந்தேன், பிறகு அதை மறந்தே போனேன். நிபந்தனை பேசிய அன்றும் நினைவில்லை, கார்டைக் கழற்றிக் கொடுத்த அன்றும் நினைவில்லை. இரண்டாவது கார்டு உள்ளேயே இருந்தது. ஹாஃபிஸாவின் கல்யாணம் முழுக்க அதில் இருந்தது.

கேமராவின் குட்டித் திரையில் அந்தச் சிரிப்பைத் திரும்பப் பார்த்தேன். அண்ணனுக்கு இதை அனுப்பினால் போதும், அய்யா பார்த்தால் போதும், எனக்கு இந்த ஊர் நிலைத்துவிடும். அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. படத்தை போனுக்கு மாற்றுகிற இடம்வரை போய்விட்டேன். அப்போதுதான் அண்ணனின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஞாபகம் வந்தது. அவனுக்கு எது கிடைத்தாலும் அதில்தான் போடுவான். முந்தின நாள் மிளகாய் விலை, அதற்கு முன்னால் எங்கள் பசு ஈன்ற கன்று, இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருத்தருக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அந்த வரிசையில் ஹாஃபிஸாவின் தெற்றுப்பல்லை நினைத்துப் பார்த்தேன். கேமராவை அணைத்தேன்.

கார்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். லாத்தா நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அகப்பை நின்றது.

“இத்தன நாளா எங்க பிள்ள ஒன் பெட்டிக்குள்ளயா கெடந்தா?”

“எனக்கே இப்பத்தான் தெரியும் லாத்தா.”

“யாரு பாத்தாக?”

“நான் மட்டுந்தான். எங்க அய்யா மேல சத்தியமா.”

கார்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தக் குரல் அடங்கி நான் பார்த்தது அன்றுதான், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. “யாருகிட்டயும் சொல்லிராதீக லாத்தா, என் பொழப்பே போயிரும்” என்றேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம் வைத்து நோன்பு திறந்தவர், ஒரு கிண்ணம் கஞ்சியை என் பக்கம் தள்ளினார். குடித்துவிட்டு மேலே வந்தேன்.

அடுத்த வாரம் பால் வாங்கும் இடத்தில் எதிர்வீட்டு சூஃபியா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ரெண்டாவது கார்டு நீதானா?” என்றாள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. நேராக லாத்தாவிடம் போய் நின்றேன்.

“சொல்லாதீகன்னு கெஞ்சுனேனே லாத்தா!”

“சொல்லாம இருப்பாகளா? நோன்பு தொறக்க எந்த வீட்டுக்குப் போனாலும் ஆல்பத்தக் கொண்டுபோறேன். பொம்பளைககிட்ட ஆல்பத்தக் காட்டிட்டு, கார்டு கதையவும் சொல்லிட்டுத்தேன் வாரேன்.”

மாடிக்கு ஏறினேன். எல்லாம் முடிந்தது என்று அட்டைப்பெட்டிகளில் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தேன். அண்ணன் வந்து ஏற்றினால் போதும் என்கிற அளவுக்குக் கட்டி வைத்துவிட்டேன்.

பெருநாள் கழித்து முதலில் படி ஏறியவள் சூஃபியாதான். கூடவே அவள் மகள். “இவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம். ராம்நாட்டுல ஆள் பேசிட்டோம், இவ மாட்டேங்குறா. கேக்காமலே ரெண்டாவது கார்டக் கொண்டாந்து குடுத்த அக்காதான் எடுக்கணுமாம், ஒத்தக் கால்ல நிக்கிறா” என்றாள். கட்டி வைத்த பெட்டியிலேயே இரண்டு பேரையும் உட்காரச் சொன்னேன். அவர்களுக்குப் பின்னால் இன்னும் வந்தார்கள், திருப்பாலைக்குடியிலிருந்துகூட ஒரு உம்மா பஸ் ஏறி வந்தார். நான் அவமானம் என்று மூடி வைக்கப் பார்த்ததை, லாத்தா வீடு வீடாக எடுத்துப் போய் எனக்கு ஊர் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறார். கீழே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “அடுப்புல கறி கெடக்கு, விடு பிள்ளே” என்று உதறிவிட்டார்.

சித்திரை முதல் தேதி, சொன்ன வாக்குத் தவறாமல் அண்ணன் குட்டியானையோடு வந்துவிட்டான். மாடியில் பெண்கள் இருந்ததால் அவன் ஏற முடியாது. படியெல்லாம் செருப்பு. வாசலில் நாற்காலி போட்டு டீ கொடுத்திருந்தார் லாத்தா. கதவுக்குப் பின்னால் நின்றபடியே, “ஒங்க தங்கச்சிய ஹஜ்ஜுப் பெருநா வரைக்கும் விட முடியாதுங்க, வேல கெடக்கு” என்று அவனிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்தபோது அவன் காலி ஷோகேஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஒரு படம்கூட இல்லையே யுவா. எதப் பாத்து இம்புட்டுப் பேரு வாராக?”

“ஒண்ணுமில்லாததப் பாத்துத்தாண்ணே.”

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. சிரித்துக்கொண்டே போய் வண்டியின் பின்கதவைத் திறந்தான். உள்ளே ஒரு மூட்டை இருந்தது. எங்கள் கொல்லையில் விளைந்த முண்டு மிளகாய் வத்தல். “அய்யா ஏத்திவிட்டாரு. ஒனக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் வருசம் முழுக்க ஆகும்னாரு” என்று சொல்லிக்கொண்டே முதுகைக் கொடுத்துத் தூக்கினான்.

மகளைத் திருப்பிக் கூட்டிவரப் போகிற வண்டியில் யாராவது ஒரு வருஷத்து மிளகாயை ஏற்றிவிடுவார்களா? அண்ணனுக்கு அது உறைக்கவே இல்லை. இங்கே வேலை வந்ததோ படியெல்லாம் செருப்புக் கிடப்பதோ அய்யாவுக்குத் தெரியாது. நான் எடுத்த ஒரு படத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. அவருக்கு போன் போட்டேன்.

“அய்யா, மூட்ட வந்துருச்சு.”

“ம்.”

“நான் வரலய்யா. இங்கனயே இருக்கேன்.”

கொல்லையில் காற்றடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

“மொட்டமாடியில ஒருக்கா காயப்போட்டு எடுத்து வையி” என்றார் அய்யா. “அங்கன கடக்காத்து. பூத்துப்போயிரும்.”

வாசல் என்றும் பார்க்காமல் அழுதேன். லாத்தா பாயை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் மொட்டைமாடிக்கு ஏறிப் போனார்.